கடையை மறக்காத டிவி

புது டிவி வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து, சுவரில் மாட்டி, எல்லோரும் முன்னால் வந்து உட்கார்ந்தாயிற்று. படம் பளிச்சென்று கண்ணைப் பறிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண் கூசவும் ஆரம்பிக்கிறது. திரையின் ஓரத்தில் ‘4கே’, ‘எச்டிஆர்’ என்று ஒரு பட்டை வந்து வந்து போகிறது. சிறிது நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால், பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் மறைந்து, கடலும் கிளியும் பூவுமாக ஒரு விளம்பரப் படம் தானாக ஓடுகிறது. அப்பா வெளிச்சத்தைக் குறைக்கிறார். அப்பாடா என்று ரிமோட்டைக் கீழே வைத்த சில நிமிடங்களில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. அதே வெளிச்சம், அதே பட்டை. சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கி ராத்திரி முழுக்க விட்டுவைக்கிறார்கள். ஒன்றும் மாறவில்லை.

‘ஏதோ கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். பிள்ளைகளே, அதற்கு முன் நீங்கள் இதைப் படித்துவிடுங்கள். அந்த டிவியில் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. அது ‘டெமோ மோட்’ என்னும் கடை நிலையில் இருக்கிறது. ஷோரூமில் வைத்துக் காட்டுவதற்கென்றே தயாரிப்பாளர்கள் அதற்குள் எழுதி வைத்திருக்கும் ஏற்பாடு இது. சில கம்பெனிகள் ‘ரீட்டெயில் மோட்’ என்கின்றன, சில ‘ஸ்டோர் மோட்’ என்கின்றன. வீட்டுக்கு உரியது ‘ஹோம் மோட்’.

டிவியை முதல்முதலாகப் போடும்போது மொழி, நாடு, வைஃபை என்று வரிசையாகக் கேட்கும். ‘வீடா, கடையா?’ என்பதும் அந்த வரிசையில் வரும் ஒரு கேள்வி. ‘ஓகே, ஓகே’ என்று அவசரமாக அழுத்திக்கொண்டே போகிறவர்கள் அந்த இடத்தில் மாற்றி அழுத்திவிடுவது உண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருந்த ‘டிஸ்பிளே பீஸ்’ ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கியிருந்தால், கடைக்காரர் மாற்றித் தராத பட்சத்தில், அது கடை நிலையிலேயே வீடு வந்து சேரும்.

சரி, கடைக்கு மட்டும் எதற்குத் தனியாக ஒரு நிலை?

அடுத்த முறை டிவிக் கடைக்குப் போனால், டிவியை விட்டுவிட்டு ஒரு நிமிடம் கூரையைப் பாருங்கள். வரிசை வரிசையாக விளக்குகள் இருக்கும். ஒரு பரப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை ‘லக்ஸ்’ என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பௌர்ணமி நிலவொளி ஒரு லக்ஸ்கூடத் தேறாது. ராத்திரி விளக்கைப் போட்டுவிட்டு நாம் டிவி பார்க்கும் அறையில் நூறு லக்ஸ் அளவில் இருக்கலாம். விளக்கைக் குறைத்தால் அதிலும் கீழே. கடையிலோ பல நூறு லக்ஸ். அப்பாவின் போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் நீங்களே ஒவ்வோர் இடமாக அளந்து பார்க்கலாம். துல்லியமாக இராது, ஆனால் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் உங்களைத் திகைக்க வைக்கும்.

கடையின் வெளிச்சம் தரையில் விழுவதைப் போலவே டிவித் திரையிலும் விழுந்து திரும்புகிறது. அணைத்து வைத்த டிவியைப் பகலில் உற்றுப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக இருக்காது. ஒரு மங்கல் சாம்பலும், அதில் ஜன்னலின் சாயலும் தெரியும். படம் ஓடும்போதும் அந்தச் சாம்பல் எங்கும் போய்விடுவதில்லை. டிவி எவ்வளவு கறுப்பாகக் காட்ட முயன்றாலும் அதன் மேல் வந்து படிந்துவிடும். கறுப்பைக் கூடுதல் கறுப்பாக்க வழியில்லை என்றால், வெள்ளையைத்தான் கூடுதல் வெள்ளையாக்க வேண்டும். அதனால்தான் கடை நிலையில், திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகள், அதாவது ‘பேக்லைட்’, கிட்டத்தட்ட முழு வேகத்தில் எரிகின்றன.

இனி உங்கள் கண்ணைக் கொஞ்சம் கவனிப்போம். ஒரு கண்ணாடியின் முன் நின்று, அறையின் விளக்கை அணைத்து, கதவிடுக்கு வழியே வரும் மெல்லிய வெளிச்சத்தில் ஒரு நிமிடம் இருங்கள். பிறகு விளக்கைப் போட்டவுடன் உங்கள் கண்ணின் பாப்பாவைப் பாருங்கள். கறுப்பு வட்டம் சட்டென்று சுருங்குவது தெரியும். நல்ல வெளிச்சத்தில் அதன் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். இருட்டில் 8 மில்லிமீட்டர் வரைகூட விரியும். அகலம் 4 மடங்கு என்றால் பரப்பு எத்தனை மடங்கு? 4-ஐ 4-ஆல் பெருக்குங்கள்: 16 மடங்கு. அவ்வளவு கூடுதல் ஒளி உள்ளே போகும். இதற்கு மேல், கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ள செல்கள் இருட்டில் இருக்க இருக்கத் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போகும். முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். கடை வெளிச்சத்தில் பாப்பாவைச் சுருக்கி நிற்கும் கண்ணுக்காகத் தயாரான படத்தை, வீட்டில் பாப்பாவை விரித்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குள் செலுத்தினால் கூசாமல் என்ன செய்யும்?

கடைக்கென்று தனி நிலை இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் டிவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாம்பல் நிறத் தாள் ஒன்றிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளிறியும், வெள்ளையின் மேல் இருப்பது கருத்தும் தெரியும். இரண்டும் ஒரே தாள் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வெட்டினீர்கள். ஆனாலும் கண் கேட்காது. நம் பார்வை எதையும் தனியாக எடை போடுவதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறது. பிரகாசமான டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல டிவி மங்கலாகத் தெரிந்துவிடும். யாருமே தங்கள் டிவி மங்கலாகத் தெரிவதை விரும்ப மாட்டார்கள். ஆகவே எல்லோரும் ஏற்றுகிறார்கள்.

ஏற்றுவதில் வெளிச்சம் மட்டுமல்ல, நிறமும் சேர்த்தி. இதை ஒரு கணக்கால் பார்க்கலாம். சாதாரண வீடியோவில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். ஒரு கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் சிவப்புப் பட்டுப்புடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொசுவத்தின் மடிப்பு நிழலில் சிவப்பு 220, கொஞ்சம் மேலே 235, மடிப்பின் முதுகில் 250. இந்தச் சின்ன வித்தியாசங்களால்தான் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. இப்போது டிவி நிறத்தைத் தூக்கிக்காட்ட எல்லாவற்றையும் 1.2-ஆல் பெருக்குவதாக வைத்துக்கொள்வோம். 264, 282, 300. ஆனால் 255-க்கு மேல் எண் கிடையாது. மூன்றும் 255-இல் போய் முட்டி நிற்கும். மடிப்பெல்லாம் மறைந்து, புடவை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கடையில் கிளியையும் பூவையும் பார்க்கும்போது இது தெரியாது. தெரிந்த முகத்தையும் தெரிந்த புடவையையும் வீட்டில் பார்க்கும்போதுதான் உறுத்தும்.

கடை நிலையில் வெள்ளை நிறம்கூட லேசாக நீலம் பாய்ந்திருக்கும். கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், மஞ்சளாகும். இன்னும் சூடேறினால் வெள்ளை. இரும்பு தாங்காத சூட்டுக்கு, அதற்கும் வெகு மேலே போக முடிந்தால் நீலம் கலந்த வெள்ளை. இதை வைத்து வெண்மையின் சாயலைக் ‘கெல்வின்’ என்ற வெப்ப அலகால் குறிக்கிறார்கள். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுமார் 2,700 கெல்வின். டிவி, சினிமா தயாரிப்பவர்கள் தங்கள் திரையில் வெள்ளையை 6,500 கெல்வின் அளவில் வைத்துத்தான் நிறங்களைச் சரிபார்க்கிறார்கள். கடை நிலை அதைவிட மேலே ஏற்றி, நீலச் சாயலைக் கூட்டும். நீலம் பாய்ந்த வெள்ளை நமக்குக் கூடுதல் ‘வெளுப்பாக’த் தோன்றுகிறது. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறார்களே, அதே தந்திரம்தான்.

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். இரவெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடந்தும் டிவி ஏன் கடையை மறக்கவில்லை?

டிவிக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதற்கு இரண்டு வகை நினைவகம். ஒன்று ‘ரேம்’. இந்த நொடியில் ஓடும் வேலைகளுக்கானது. கரண்ட் போனால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். மற்றது ‘ஃபிளாஷ்’. ‘வீடா, கடையா’ என்ற கேள்விக்கு முதல் நாள் கொடுத்த பதில் இதில்தான் எழுதப்படுகிறது.

ஃபிளாஷின் உள்ளமைப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் எலக்ட்ரான்களை வைத்துக்கொள்ள ஒரு துளி இடம். அதன் நாலா பக்கமும் மின்சாரம் கடத்தாத சுவர். எங்கிருந்தும் உள்ளே ஒரு கம்பிகூடப் போகாது. மூடிக்கிடக்கும் அந்த அறைக்குள் எலக்ட்ரான்கள் இருந்தால் ஓர் எண், இல்லாவிட்டால் வேறோர் எண். வழியே இல்லாத அறைக்குள் எலக்ட்ரான் எப்படிப் போகிறது? அந்தச் சுவரின் பருமன் 10 நானோமீட்டர் அளவுதான். உங்கள் தலைமுடி ஒன்றின் பருமனில் அப்படிப்பட்ட பல்லாயிரம் சுவர்களை அடுக்கிவிடலாம். அவ்வளவு மெல்லிய சுவராக இருந்து, வெளியிலிருந்து மின்னழுத்தத்தை வேண்டிய அளவு உயர்த்தினால், எலக்ட்ரான்கள் சுவரை உடைக்காமலே அதனூடாகப் புகுந்து உள்ளே போய்விடுகின்றன. பந்தும் கல்லும் செய்ய முடியாத இதை எலக்ட்ரானால் செய்ய முடிகிறது. குவாண்டம் இயற்பியலில் இதற்குச் ‘சுரங்க விளைவு’ என்று பெயர். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால், போனவை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஒரு ராத்திரி என்ன, பல வருடங்களுக்குக் கரண்டே தேவையில்லை. இந்த வகை நினைவகத்தை ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மாசுவோகா என்ற பொறியாளர் 1984-இல் உலகுக்கு அறிவித்தார். பென் டிரைவில் பாட்டு இருப்பதும், போனை அணைத்துப் போட்டாலும் போட்டோக்கள் இருப்பதும் இதனால்தான்.

ஆக, டிவி போடப்படும் ஒவ்வொரு முறையும் அதன் புரோகிராம் அந்த நினைவகத்தைப் படிக்கிறது. ‘கடை’ என்று இருக்கிறது. உடனே கடைக்குரிய வேலைகளைத் தொடங்குகிறது. அவற்றில் ஒன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை படத்தின் செட்டிங்கைப் பழையபடி திருப்பி வைப்பது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் ரிமோட்டை எடுத்து எதையாவது மாற்றிவிட்டுப் போவார்கள் அல்லவா? அடுத்து வருகிறவருக்கு டிவி புதுசாகத் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அப்பா குறைத்த வெளிச்சம் நிற்காமல் போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டதா? அவர் படத்தை மாற்றினார். மாற்ற வேண்டியது அந்தப் பதிலை.

வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். டிஸ்பிளே பீஸ் என்றால் முதலில் டிவியின் பின்பக்கம் பென் டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைகளில் விளம்பரப் படத்தை அப்படிப் போட்டு ஓட்டுவதும் உண்டு. பிறகு ரிமோட்டில் செட்டிங்ஸ். சாம்சங் டிவிகள் பலவற்றில் ‘ஜெனரல்’, அதற்குள் ‘சிஸ்டம் மேனேஜர்’, அதற்குள் ‘யூசேஜ் மோட்’. ரகசிய எண் கேட்டால், யாரும் மாற்றாத வரை 0000. ‘ஹோம் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்ஜி டிவிகளில் ‘ஜெனரல்’ பகுதிக்குள் தேடினால் ‘ஹோம்’, ‘ஸ்டோர்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிய ஒரு வரி கிடைக்கும். சோனியின் ஆண்ட்ராய்டு டிவிகளில் ‘ரீட்டெயில் மோட் செட்டிங்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே ‘டெமோ மோட்’, ‘பிக்சர் ரீசெட் மோட்’ என்று இரண்டு வரிகள். இரண்டையும் அணைக்க வேண்டும். நம் வேதாளம் அந்த இரண்டாவது வரிதான்! மாடலுக்கு மாடல் இடம் சற்று மாறும். செட்டிங்ஸில் ‘ரீட்டெயில்’, ‘ஸ்டோர்’, ‘டெமோ’, ‘யூசேஜ்’ ஆகிய நான்கு சொற்களில் ஏதாவது ஒன்று கண்ணில் படும் வரை பொறுமையாகத் தேடுங்கள். கையேட்டை எறியாமல் வைத்திருந்தால் இன்னும் சுலபம்.

எங்குமே கிடைக்காவிட்டால் கடைசி வழி ‘ஃபேக்டரி ரீசெட்’. இது எல்லாவற்றையும் அழித்து டிவியை முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோகும். ஆகவே வைஃபை பாஸ்வேர்டையும், செயலிகளுக்கான பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் அல்லது டிடிஎச் பெட்டியில் இருக்கும் சேனல்களுக்கு ஒன்றும் ஆகாது, அது தனி. ரீசெட் முடிந்ததும் டிவி பழைய கேள்விகளை மறுபடி கேட்கும். இந்தத் தடவை நிதானமாகப் படித்து ‘ஹோம்’ என்று அழுத்துங்கள். பாதியில் கரண்டை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் அரைகுறையாகிவிடும்.

அப்படியும் மாறாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். இன்டர்நெட்டில் ‘ரகசிய சர்வீஸ் மெனு’ என்று சில பொத்தான் வரிசைகளைச் சொல்வார்கள். தயவுசெய்து அதற்குள் போகாதீர்கள். இந்த டிவியில் எந்த வகைத் திரை பொருத்தியிருக்கிறது என்பது போன்ற அடிப்படை விவரங்கள் அங்கே இருக்கின்றன. ஒன்றை மாற்றி வைத்தால் திரையே வராமல் போகலாம். பின்பக்க மூடியைக் கழற்றுவதும் கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

வீட்டு நிலைக்கு மாறியதும் ஒரு விஷயம் நடக்கும். ‘என்ன இது, படம் மங்கிவிட்டதே!’ என்று பாட்டி சொல்வார். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், மஞ்சளடித்தது போலக்கூட இருக்கும். கண் நீல வெள்ளைக்குப் பழகிவிட்டதன் விளைவு அது. ஒரு சிவப்புத் தாளை அரை நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள், அங்கே பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிழல் மிதக்கும். கண் எதற்குப் பழகியதோ அதைக் கழித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்கிறது. சில நாள் பொறுத்தால் புதிய படமே இயல்பாகிவிடும். பிறகு பழைய படத்தைப் போட்டுக் காட்டினால் பாட்டியே வேண்டாம் என்பார்.

சினிமா பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. செட்டிங்ஸில் ‘பிக்சர் மோட்’ என்று இருக்கும் படவகைகளில், கண்ணைக் கவரும் வகைகளைப் போட்டால் டிவி நடுநடுவே தானாகவே படங்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழுவழுப்பாக்கிவிடும். கிரிக்கெட் பந்துக்கு அது நன்றாகவே இருக்கலாம். சினிமாவோ நாடக ஒளிப்பதிவு போல ஆகிவிடும். 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த வருடம், இயக்குநர் நினைத்தபடியே படத்தைக் காட்டும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் ஒரு படத்தை அதில் போட்டுப் பாருங்கள். அதில் அந்த வழுவழுப்பு அணைந்திருக்கும், வெள்ளையும் 6,500 கெல்வினுக்கு வந்திருக்கும்.

கடைசியாக, கரண்ட் கணக்கு. டெமோ போன பிறகும் இதைச் செய்யலாம், ஏனென்றால் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்ற படவகை கடை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் வீட்டு டிஜிட்டல் மின் மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். 3200-ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 1,125 ஜூல். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் சில நிமிடம் அணைத்து, டிவி மட்டும் ஓடட்டும். வெளிச்சமான ஒரு காட்சியில் படத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் டிவி முன்னாலும் ஒருவர் மீட்டர் முன்னாலும் நிற்க வேண்டும். மீட்டரைத் தொட வேண்டாம், தள்ளி நின்று பார்த்தால் போதும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 1,125-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் டிவி இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 11 நொடி என்றால் சுமார் 100 வாட், 19 நொடி என்றால் சுமார் 60 வாட். பத்து மின்னல்களுக்கான நேரத்தை எடுத்துப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியமாக வரும். முதலில் ‘விவிட்’, பிறகு அதே காட்சியில் ‘ஸ்டாண்டர்டு’. இரண்டுக்கும் 40 வாட் வித்தியாசம் வந்தால், தினம் 5 மணி நேரம் பார்க்கும் வீட்டில் மாதம் 6 யூனிட், இரண்டு மாத பில்லில் 12 யூனிட். உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.